கீழ்ப்பாதி

ஒரு பெண் நம்பிக் கொடுத்த தோட்டச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் மருத்துவமனையில் கிடந்த நேரம் பார்த்து, அவர் இருபது வருடங்களுக்கு மேலாகக் காத்து வளர்த்த செடியின் பூத்தண்டை வெட்டினேன். என் மகளின் கலியாண வாசலில் கட்டுவதற்காக வெட்டினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. அந்தத் தண்டு எதற்காக நிற்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மரம் அறுக்கும் வாளை எடுத்தேன்.

அந்தப் பெண்ணின் பெயரை எழுதப்போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. சிசிலியின் பலெர்மோ நகரில் எங்கள் சனம் முழுவதும் அவரை அக்கா என்றே கூப்பிட்டது. என்னைவிட வயது குறைந்தவர் என்றாலும் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். யாழ்ப்பாணத்தில் நான் புவியியல் படிப்பித்தவன். இங்கே வந்து மற்றவர்களுடைய வீடுகளைத் துடைத்து, மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி ஓய்ந்தவன். இருந்தாலும் அவர் ஒருவர் மட்டும் கடைசி வரை மாஸ்டர் என்பதை விடவில்லை. இப்போது அவர் இந்த நகரத்தில் இல்லை.

அக்காவிடம் ஒரு குணம் இருந்தது. யார் மன்னிப்புக் கேட்டாலும் அந்த வசனத்தை முடிக்க விடமாட்டார். பாதியில் குறுக்கிட்டு ஒரு வேலை சொல்லுவார். சொன்ன வேலையைச் செய்தால் கதை அத்தோடு முடிந்தது. செய்யாவிட்டாலும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். நமக்குத்தான் நித்திரை வராது.

ஒருமுறை நானும் அவரும் ஒரே பஸ்ஸில் போனோம். செடிக்கு மண் வாங்கி, பெரிய சாக்கோடு ஏறியிருந்தார். இறங்கும்போது சாரதி கதவை மூடிவிட்டான். சாக்கு கதவுக்குள் நசிந்து, மண் படியெல்லாம் கொட்டியது. இளம் சாரதி. பதறி இறங்கி ஓடிவந்து, "ஸ்கூசி, சிஞ்ஞோரா, ஸ்கூசி" என்று நெஞ்சில் கைவைத்தான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்த மூலையைப் பிடி" என்று இத்தாலியனில் சொன்னார். அவனும் பிடித்தான். பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹோர்ன் அடிக்க, பஸ்ஸை நடுவீதியில் விட்டுவிட்டு இருவருமாகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு அக்கா வேலை செய்த வீட்டின் தோட்டத்து வாசல் வரை போனார்கள். திரும்பி வந்த சாரதியின் முகத்தில் ஏதோ பரிசு வாங்கியவனின் களை இருந்தது.

கனடாவில் இருந்த அவருடைய தங்கை விஷயம் வேறு. தாய் கடுமையாக நோய்ப்பட்டிருந்ததை அந்தத் தங்கை அக்காவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அக்கா வேலையை விட்டுவிட்டு ஓடிவிடுவார், விசா சிக்கலாகிவிடும் என்று நினைத்தாளாம். செத்தவீடு முடிந்த பிறகுதான் சொன்னாள். அன்று நானும் என் மனைவியும் அக்காவின் அறையில் இருந்தோம். தொலைபேசியில் தங்கை அழுவது எங்களுக்கும் கேட்டது. அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, அழுதது காணும். அங்கை வறுத்து இடிச்ச தூள் நல்லதாய் எடுக்கலாம் எண்டனி. ஒரு பை அனுப்பு. இஞ்சத்தைத் தூளிலை கறி கறியாயில்லை" என்றார்.

வெளியே வந்ததும் என் மனைவி, "இது என்ன நெஞ்சப்பா, கல்லோ?" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அழ வந்தவளை அழவிடாமல் மிளகாய்த்தூள் கேட்கிற மனுசி. ஆனால் அதற்குப் பிறகு வருடம் தவறாமல் தூள் வந்தது. பை வந்து சேர்ந்த அன்று அக்கா முகம் கழுவி, நல்ல சேலை உடுத்துக்கொண்டு சமைப்பார். எங்களுக்கும் ஒரு பேணியில் போட்டுத் தருவார். "தங்கச்சியின்ரை தூள்" என்று மட்டும் சொல்லுவார்.

அவர் வேலை செய்தது மொண்டெல்லோ போகும் வழியில், மலையடிவாரத்தில் இருந்த ஒரு பழைய வில்லாவில். வீட்டுக்காரி ஒரு முதிய சிஞ்ஞோரா. பிள்ளைகள் இல்லை. அக்கா அங்கே சேர்ந்த புதிதில் சிஞ்ஞோராவின் காதணி ஒன்று காணாமல் போனது. சிஞ்ஞோரா அக்காவின் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அக்கா திறந்து காட்டிவிட்டு, துணிகளைத் திரும்ப மடித்து வைத்தார். சில நாள் கழித்துக் காதணி சிஞ்ஞோராவின் குளிர்மேலங்கியின் உள்மடிப்பிலேயே கிடைத்தது. சிஞ்ஞோரா அழுதபடி தோட்டத்துக்கு வந்தபோது அக்கா எலுமிச்சை மரத்தில் காய்ந்த கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தாராம். "ஏணி ஆடுது, பிடியுங்கோ" என்றாராம். முத்துமாலையோடும் பட்டுச் செருப்போடும் அந்த அம்மா வேலை முடியும் வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அண்டைக்குத்தான் மனுசி என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெரியவவைக் காட்டினது" என்று அக்கா எனக்குச் சொன்னார்.

பெரியவ என்பது அந்தச் செடி. தோட்டத்தின் மேல்மூலையில், கற்கள் அடுக்கிய சரிவில் நின்றது. முதன்முறை பார்த்தபோது ஒரு பெரிய முள்ளம்பன்றி உருண்டையாகச் சுருண்டு கிடப்பது போல எனக்குத் தோன்றியது. ஆள் உயரத்துக்கு மேல், எல்லாத் திசையிலும் வாள் வாளாக இலைகள். இலை ஓரங்களில் வளைந்த கொளுக்கி முட்கள். கை உள்ளே போகும், திரும்பி வராது. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூயா என்று பெயர். தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில், மரம் வளராத உயரத்துச் சரிவுகளில் மட்டும் இயற்கையாக வளர்வது. வெப்பவலயத்தில் இருந்தும் பனி பெய்கிற அந்த மலைகளைப் பற்றி நான் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியிருக்கிறேன். அங்கே வளரும் ஒன்றை என் அறுபது வயதுக்குப் பிறகு சிசிலியில்தான் கண்டேன்.

சிஞ்ஞோராவின் கணவர் ஓர் எஞ்சினியர். இளவயதில் பெருவில் வேலை செய்துவிட்டு வரும்போது கொஞ்சம் விதை கொண்டுவந்து போட்டிருக்கிறார். முளைத்த கன்றுகள் இந்த ஊர் வெக்கையில் ஒவ்வொன்றாகக் கருகிப்போய் ஒன்று மட்டும் பிழைத்தது. அது பல பத்து வருடங்கள் சும்மா நிற்கும், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூக்கும், விதை கொட்டும், செத்துப்போகும். எஞ்சினியர் பூவைக் காணாமலே போய்விட்டார். சிஞ்ஞோரா காத்திருந்தார். அவரும் சாகக் கிடந்தபோது அக்காவின் கையைப் பிடித்து, பூக்கும்போது விதையை எடுத்துத் திரும்பவும் போடு என்று கேட்டிருக்கிறார். அக்கா ஓம் என்று சொல்லியிருந்தார்.

அவர் ஓம் என்று சொன்ன அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் வாள் வைத்தேன்.

சிஞ்ஞோரா போன பிறகு வில்லா மிலானோவில் இருந்த பெறாமகனுக்கு, அவருடைய சகோதரியின் மகனுக்குப் போனது. விற்கும் வரை காவலுக்கு இரு என்று அவன் அக்காவிடம் சொல்லியிருந்தான். விற்பனை இழுபட்டுக்கொண்டிருந்த ஒரு மாசி மாதத்தில் பெரியவவின் நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பத் தொடங்கியது. அக்கா எனக்குப் போன் எடுத்து, "மாஸ்டர், எழும்பிட்டா" என்றார். நான் போய்ப் பார்த்தேன். வாரத்துக்கு வாரம் வளர்ந்து, ஒரு ஆளின் தோளில் இன்னொரு ஆள் ஏறி நின்ற உயரத்துக்கு வந்தது. சித்திரை கடைசியில் அடியிலிருந்து பூக்கத் தொடங்கியது. பச்சையோடிய வெள்ளைப் பூக்கள், உள்ளே செம்மஞ்சள் மகரந்தம். தண்டு தெரியாமல் ஆயிரக்கணக்கில். அடியில் பூத்தவை வாடிக் காய் பிடிக்க, மேலே மேலே புதிதாக விரிந்துகொண்டு போனது. அக்கா அதன் எதிரே ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வீடு விற்பதற்குள் விதை முற்ற வேண்டும். அவருக்கிருந்த ஒரே கவலை அதுதான்.

வைகாசியில் அவருக்குப் பித்தப்பையில் கல் என்று மருத்துவமனையில் மறித்துவிட்டார்கள். சாவியை என்னிடம் தந்தார்.

"எலுமிச்சைக்கும் சாடியளுக்கும் தண்ணி விடுங்கோ, மாஸ்டர். பெரியவவுக்கு விட வேண்டாம்."

"அவவுக்கு என்ன செய்ய?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ, காணும்."

அதே கிழமைதான் என் மகளின் கலியாணம். மாப்பிள்ளை பகுதி லண்டனிலிருந்து வந்திருந்தது. சம்பந்தியிடம் நான் போனில் பலமுறை பெருமையடித்திருந்தேன்: இங்கே பிளாஸ்டிக் வாழை கட்டமாட்டோம், குலையோடு உண்மை வாழைதான் வாசலில் நிற்கும் என்று. அதற்காகப் பகேரியாப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரனிடம் இரண்டு வாழை சொல்லி வைத்திருந்தேன். கலியாணத்துக்கு முதல் நாள் சிறோக்கோ காற்று அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து வருகிற சூட்டுக் காற்று. தோட்டக்காரன் போன் எடுத்து, வாழைகள் முறிந்து, இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்து கிடக்கின்றன என்றான்.

நான் தண்ணீர் விடுவதற்காக வில்லாவுக்குப் போனேன். பெரியவ காற்றுக்கு அசையாமல் முழுப் பூவோடு நின்றாள். எங்கள் ஊரில் குலை தள்ளிய வாழையை அடியோடு வெட்டிக் கலியாண வாசலில் கட்டுவதை யாரும் பாவம் என்று நினைப்பதில்லை. குலை போட்டால் வாழை எப்படியும் சாகும், அது மங்கலம். அந்தக் கணக்கை அப்படியே எடுத்து இந்தச் செடியின்மேல் போட்டேன். பூத்துவிட்டது, இனி எப்படியும் சாகத்தானே போகிறது என்றேன் எனக்கு நானே. வாழைக்கு அடியில் குட்டி இருக்கும், இதற்கு விதையைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது தெரிந்தும் அப்படிச் சொன்னேன்.

மனைவியின் தம்பியை மூன்று சில்லு லாப்பா வண்டியோடு வரச் சொன்னேன். வந்தவன் செடியைச் சுற்றி நடந்தான்.

"அத்தான், இது என்ன, வாழையோ அன்னாசியோ?"

"அன்னாசிக்குத் தமையன்."

"தோட்டத்து அக்கா ஓம் எண்டவவோ?"

"ஓம் எண்டவ" என்றேன்.

அந்தப் பொய் எனக்கு நானே சொன்னதைவிடச் சுலபமாக வந்தது. ஏணி வைத்து, முள் பட்டுக் கையெல்லாம் கீறி, தண்டை அடியில் அறுத்துச் சாய்த்தோம். லாப்பாவில் ஏற்றினால் பாதி வெளியே நின்றது. அத்தோடு வாசலுக்கு இரண்டு பக்கமும் கட்ட வேண்டுமே, ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நடுவில் அறுத்து இரண்டாக்கினோம். அறுக்கும்போது வந்த வாசனை பச்சைக் கரும்பு மாதிரி இருந்தது.

மொண்டெல்லோ மண்டபத்தில் மேல்பாதி வலப்பக்கம் பூத்துக் குலுங்கி நின்றது. கீழ்ப்பாதியில் பூக்கள் வாடிக் காய்கள் மட்டும் இருந்தன. சம்பந்தியம்மா பார்த்துவிட்டு, "இது என்ன, கருகினதைக் கட்டியிருக்கு?" என்றார். கழற்றிச் சமையலறைப் பக்கம் சாத்தினோம். வலப்பக்கத்தில் ஒற்றையாக நின்ற பூவின் முன்னால் எல்லாரும் படம் எடுத்தார்கள். எங்கே எடுத்தது என்று சம்பந்தி கேட்டார். "எங்கடை அக்கா ஒராள், பிள்ளைக்கு எண்டு தந்தவ" என்றேன். இரண்டாவது பொய்.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, ஆட்கள் கலையத் தொடங்கிய பின்னேரம் என் தொலைபேசியில் குரல்பதிவு ஒன்று வந்தது. யாரோ கலியாணப் படங்களை வட்ஸ்அப்பில் போட, அது மருத்துவமனைக் கட்டிலுக்கும் போயிருந்தது. அக்காவின் குரல் ஒப்பரேஷன் செய்த களைப்போடு மெதுவாக வந்தது.

"மாஸ்டர், பிள்ளை நல்ல வடிவாய் இருக்கிறா. கீழ்ப்பாதியை எறிய விடாதையுங்கோ."

அவ்வளவுதான். சமையலறைப் பக்கம் ஓடினேன். இல்லை. சுத்தம் செய்கிற பெடியன்கள் குப்பையோடு கொண்டுபோய்விட்டார்கள். பட்டு வேட்டியோடு வீதிக்கு ஓடினேன். கடற்கரையிலிருந்து குடையும் பாயுமாகத் திரும்பிக்கொண்டிருந்த சனத்துக்கு நடுவில், பெரிய குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், வாழைப்பழத் தோலும் காகிதக் கோப்பையும் அப்பிக் கிடந்தது அது. மைத்துனனும் நானுமாக இழுத்தெடுத்தோம். தண்டோடு ஒட்டியிருந்த சிற்றிலைகளின் முள் வேட்டியைக் கொளுவிக் கிழித்தது. ஓர் இத்தாலியக் கிழவர் நின்று பார்த்துவிட்டு, யார் செத்தது என்று கேட்டார்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். வழியெல்லாம் வசனத்தை அடுக்கிக்கொண்டு போனேன். கட்டிலருகில் நின்று, "அக்கா, நான் செய்தது—" என்றேன்.

"தலைமாட்டைக் கொஞ்சம் உயத்துங்கோ, மாஸ்டர்."

உயர்த்தினேன். "நீங்கள் நம்பித் தந்த சாவி—"

"அந்தப் போத்தலைத் திறவுங்கோ. எனக்கு இறுக்கமாய்க் கிடக்கு."

திறந்து கொடுத்தேன். குடித்தார். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "படுக்க வைக்காதையுங்கோ. நிமித்தி வைச்சு, அடியை ஈர மண்ணிலை புதையுங்கோ. வெயில் நேரை படக்கூடாது. தண்டிலை கொஞ்சம் சத்து இருக்கும். அடிக்காயள் முத்தினாலும் முத்தும். மேல்பாதி?"

"அது... வாடிப்போச்சு, அக்கா."

தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. அவர் அழுததை நான் கண்டது அந்த ஒருமுறைதான். அதற்கு நான் செய்யக்கூடிய வேலை எதையும் அவர் சொல்லவில்லை.

கீழ்ப்பாதி அந்தக் கோடை முழுவதும் கால்சாப் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி பல்கனியில் நின்றது. ஒடுங்கிய படிகளில் அதை ஏற்றியபோது கீழ்வீட்டுக்காரியின் திரைச்சீலையையும் கொஞ்சம் கொண்டுவந்துவிட்டோம். என் மனைவி உடுப்புக் காயப்போடுகிற ஒவ்வொரு நாளும், "இஞ்சாருங்கோ, உங்கடை சம்பந்தியம்மா என்ரை சீலையைப் பிடிச்சு வைச்சிருக்கிறா" என்று கத்துவாள். நான் போய்க் கொளுக்கிகளை ஒவ்வொன்றாக விடுவிப்பேன். அறுத்த வாளைச் சாக்கில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்தவன், பிறகு அதைத் தொடவேயில்லை.

அதற்கிடையில் என் பொய் ஊரெல்லாம் நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருந்தது. அக்கா உடம்பு தேறிக் கோயிலுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று, "அக்கா, என்ன மனம் உங்களுக்கு, அந்தப் பூவைத் தூக்கிக் குடுத்தியளே" என்றார்கள். அவர் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. பூசை முடிந்து எல்லாரும் இருந்தபோது நான் எழுந்தேன்.

"ஒரு விசயம் சொல்ல வேணும். அந்தப் பூ அக்கா தந்ததில்லை. நான் அவவைக் கேக்காமல்—"

"மாஸ்டர்" என்றார் அக்கா பெண்கள் பக்கமிருந்து. "பந்திக்கு ஆள் காணாது. சோத்துத் தாச்சியைத் தூக்குங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். நான் தாச்சியைத் தூக்கினேன். ஆனால் முதல் வசனம் முடிந்திருந்தது. கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டிருந்தது. சோறு போட்டுக்கொண்டு போகையில் சிலர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மைத்துனன், "அத்தான், எனக்குமோ பொய் சொன்னனீங்கள்?" என்று மட்டும் கேட்டான். மிச்சத்தை இன்றுதான் எழுதி முடிக்கிறேன். இங்கே குறுக்கிட அவர் பக்கத்தில் இல்லை.

ஐப்பசியில் அடிக்காய்கள் வெடித்தன. அக்கா எங்கள் பல்கனிக்கு வந்து, வெள்ளைத் துணியை விரித்துத் தண்டைத் தட்டினார். செதில் மாதிரி மெல்லிய விதைகள். பெரும்பாலும் பதர். ஊதி ஊதிப் பார்த்ததில் கொஞ்சம் கனமானவை துணியில் தங்கின. சாடிகளில் தூவினார். நாட்கள் போயின. நான் விடிந்ததும் முதல் வேலையாகச் சாடியைப் போய்ப் பார்த்தேன். ஒருநாள் மண்ணின் மேல் கொத்தமல்லி முளை மாதிரி ஏதோ பச்சையாகத் தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கோ இவ்வளவும்?" என்றாள். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து இன்னொருமுறை பார்த்தாள்.

வில்லா விற்கப்பட்டது. பெரியவ அதற்குள் காய்ந்துபோயிருந்தாள். அக்காவுக்கு நகரத்திலேயே வேலைக்கு நல்ல வீடுகள் கிடைத்தன. அவர் போகவில்லை. சிஞ்ஞோராவின் பழைய தோழி ஒருத்தி மதோனியே மலையில் ஒரு சிற்றூரில் தனியாக இருந்தார்; அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றார் அக்கா. குளிர், தூரம், கோயில் இல்லை, தமிழ் கதைக்க ஆளில்லை என்று எல்லாரும் சொன்னோம். "கண்டுகளுக்கு அங்கை நல்லது" என்றார். சாடிகளைப் பழப்பெட்டிகளில் அடுக்கி, ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பஸ் ஏறினார். ஒரு பெட்டியை என் கையில் தந்து, "மடியிலை வைச்சுக்கொண்டு வாங்கோ" என்றார். அப்படித்தான் நான் முதல்முறை அந்த மலைக்குப் போனேன்.

அதிலிருந்து மாதம் ஒருமுறை போகிறேன். அது யாரும் இட்ட தண்டனையில்லை. ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது அவர் அடுத்த முறைக்கு ஒரு வேலை சொல்லுவார், அவ்வளவுதான். ஒருமுறை கல் பொறுக்கினேன். ஒருமுறை சரிவில் படிக்கட்டு வெட்டினேன். ஒருமுறை கிழவிக்கு வாசிக்கப் பத்திரிகை கொண்டுபோனேன். என் மகளின் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கன்றுகள் ஒரு கூடை அளவுக்கு விரிந்திருந்தன. அவை பூப்பதை நாங்கள் இருவரும் பார்க்கப்போவதில்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. எஞ்சினியரும் பார்க்கவில்லை, சிஞ்ஞோராவும் பார்க்கவில்லை, நான் பார்த்தேனே என்பார்.

போன கிழமை போன் எடுத்து, "மாஸ்டர், ஒருக்கா வாங்கோ" என்றார். நான் போகிற முறைநாள் அல்ல. குரலும் வேறு மாதிரி இருந்தது.

அவர் படலையிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால், சரிவில், கன்றுகள் நின்ற இடத்தில் மண் மிதிபட்டுக் கிடந்தது.

"தங்கச்சி போன் எடுத்தவள், மாஸ்டர். கதைச்சுக்கொண்டு உள்ளுக்கை போனனான். படலையைக் கொளுவேல்லை. பக்கத்துக்காரன்ரை செம்மறி எல்லாம் உள்ளட்டிட்டுது. நான்தான். உங்கடை கஷ்டம் எல்லாம்... நான் உங்களிட்டை—"

பரவாயில்லை, அக்கா, என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போது எனக்கு மருத்துவமனைக் கட்டிலும் திறக்க முடியாத அந்தப் போத்தலும் ஞாபகம் வந்தன. அந்தப் போத்தல் ஏற்கெனவே ஒருமுறை திறந்து மூடியதாகத்தான் இருந்தது.

"அந்த வாளியை இஞ்சால தாங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"கெட்ட மனுசன்" என்று வாளியை எடுத்து வந்தார்.

இருவரும் முழந்தாளில் இருந்து மண்ணைக் கிளறினோம். பல கன்றுகள் வேரோடு போயிருந்தன. மேல்கல்லுக்குப் பின்னால் நின்ற சில தப்பியிருந்தன. ஒன்று இலையெல்லாம் கடிபட்டு மொட்டையாக, ஆனால் நடுக்குருத்து பச்சையாக நின்றது. மண் அணைக்கக் கையை விட்டேன். சின்னக் கொளுக்கிகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டன. அக்கா குனிந்து ஒவ்வொன்றாக விடுவித்தார்.

"வேலி வேணும்" என்றார். "காட்டிலை கட்டை கிடக்கு. அறுக்கத்தான் ஒண்டுமில்லை." பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அந்த வாள் உங்களிட்டை இன்னும் இருக்கோ, மாஸ்டர்?"

"இருக்கு."

"வரேக்கை கொண்டு வாங்கோ."

நாளைக் காலை பஸ். கதவுக்குப் பின்னாலிருந்து வாளை எடுத்து, துரு தேய்த்து, எண்ணெய் பூசி, பழைய துவாயில் சுற்றி வைத்திருக்கிறேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "இதோடை பஸ்ஸிலை ஏத்துவாங்களோ?" என்று கேட்டாள். ஏற்றுவார்கள் என்றேன். அவள் போய், துவாய் நழுவாமல் இருக்க ஒரு கயிறு எடுத்து வந்தாள்.